பொறிப் புட்டியிலிருந்து பிளேட் வரை: டிஎன்ஏ ஆய்வுக்குப் பூச்சி மாதிரிகளைத் தயார் செய்வது எப்படி?

பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரம் போன்ற மலேஸ் பொறியிலிருந்து ஒரு வாரத்துப் புட்டி மேசைக்கு வந்திருக்கிறது. பழுப்பேறிய எத்தனால், அடியில் கறுப்பாக ஒரு குவியல். அதில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பெரும்பாலும் ஈ, கொசு வகைகளும், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத குட்டிக் குளவிகளும். இந்தக் குவியலை டிஎன்ஏ ஆய்வகத்துக்கு அனுப்பத்தக்க நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறியை எங்கே நடுவது, எப்படிக் கட்டுவது என்பது தனிக் கதை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பதும் படிப்பதும் இன்று பழகிப்போன வேலை. அதில் ஏதாவது பிசகினால் பெரும்பாலும் மறுபடி செய்துகொள்ளலாம். மேசையில் பிசகினால் அப்படியில்லை. எந்தப் பூச்சியின் கால் ஆய்வகப் பிளேட்டின் எந்தக் குழியில் கிடக்கிறது என்ற தொடர்பு அறுந்துபோனால், எந்த இயந்திரத்தாலும் அதை ஒட்டித் தர முடியாது. ஆகவே கீழே வரும் வேலைகளில் வேதியியல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் எழுதி வைப்பதும், சரிபார்ப்பதும், துடைத்து வைப்பதும்.

முதல் முடிவு: ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா?

புட்டியைத் திறப்பதற்கு முன்பே இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பூச்சிகளைத் தனித்தனியே எடுத்து ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏ பார்கோடு எடுப்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்த முறை இது. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, அதை வைத்து இனத்தை அடையாளம் காண்கிறார்கள். இன்ன பூச்சிக்கு இன்ன டிஎன்ஏ வரிசை (எழுத்துகள் அமைந்த ஒழுங்கு) என்று நேரடித் தொடர்பு கிடைக்கும். பூச்சியும் கையில் மிஞ்சும். ஆனால் நேரம் தின்னும்.

இன்னொன்று மெட்டாபார்கோடிங். மொத்தக் குவியலிலிருந்தும் ஒரே சமயத்தில் டிஎன்ஏ எடுத்து, அதில் என்னென்ன இனங்கள் இருந்தன என்ற பட்டியலைப் பெறுவது. வேகமானது, நூற்றுக்கணக்கான புட்டிகளுக்கு ஏற்றது. ஆனால் எந்த இனத்தில் எத்தனை பூச்சி இருந்தது என்பதை நம்பகமாகச் சொல்லாது. பட்டியலில் புதிதாக ஒன்று வந்தாலும் அது எந்தப் பூச்சி என்று காட்டச் சொன்னால் கை விரிக்க வேண்டியதுதான்.

புதிதாக வருபவர்கள் முதலில் தனித்தனி முறையைப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. பூச்சிகளைக் கையால் பிரித்துப் பார்க்காமல் மெட்டாபார்கோடிங் பட்டியலை வாசிப்பவர்களுக்கு, அதில் அபத்தமாக ஏதாவது வந்தாலும் தெரிவதில்லை.

எத்தனால்: இங்கேதான் பாதி மாதிரிகள் கெடுகின்றன

பொறிப் புட்டியில் 95 அல்லது 96 சதவீத எத்தனால் ஊற்றியிருப்பார்கள். வந்து சேரும்போது அது அந்த அளவில் இருக்காது. பூச்சியின் உடலில் பெரும்பகுதி நீர். அந்த நீரெல்லாம் வெளியே வந்து எத்தனாலை நீர்க்கச் செய்கிறது. வெயிலில் நீரைவிட எத்தனால் வேகமாக ஆவியாகிறது. மழை பெய்தால் தூறலும் உள்ளே போகும். புட்டி நிறையப் பூச்சி விழுந்த வாரம் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

நீர் ஏன் எதிரி? செத்த உடலில் இருக்கும் நொதிகள் டிஎன்ஏவை வெட்டித் துண்டாக்க நீர் தேவை. எத்தனால் அந்த நீரை உறிஞ்சி நொதிகளை முடக்குகிறது. செறிவு குறையக் குறைய வெட்டு வேலை மீண்டும் தொடங்கிவிடும். அதனால் புட்டி வந்த அன்றே பழைய எத்தனாலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறை மாற்றுங்கள். பூச்சிகள் புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மிஞ்சினால் இரண்டு புட்டிகளாகப் பிரித்து இரண்டிலும் லேபிள் போடுங்கள்.

வடித்த எத்தனாலை இன்னொரு மாதிரிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். பூச்சிகளின் டிஎன்ஏ எத்தனாலிலும் கசிந்திருக்கும். அதை வடிகட்டி மட்டும் வைத்தே உள்ளே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க முயலும் ஆய்வு முறைகளே உண்டு. வடிக்கும் வலைத்துணிக்கும் இதே விதிதான்: ஒரு புட்டிக்கு ஒன்று.

ஃபார்மலின் பட்ட மாதிரியை டிஎன்ஏ வேலைக்கு எடுக்காதீர்கள். அது டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துவிடும். பூச்சி கொல்ல எத்தில் அசிட்டேட் ஆவியில் போட்டவையும் நல்ல முடிவு தருவதில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மலிவு ஸ்பிரிட்டும் வேண்டாம். எத்தனால் கிடைக்காத இடங்களில், அல்லது பொறியை நீண்ட நாள் விட்டுவைக்க வேண்டிய இடங்களில், புரொப்பிலீன் கிளைக்காலைப் பயன்படுத்துகிறார்கள்; எளிதில் ஆவியாகாது, தீப்பற்றும் அபாயமும் குறைவு. கொண்டுவந்ததும் அலசி எத்தனாலுக்கு மாற்ற வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. டிஎன்ஏவுக்கு உகந்த 95 சதவீதத்தில் பூச்சிகள் விறைத்துப்போய், தொட்டால் காலும் உணர்கொம்பும் உதிரும். உருவத்தைப் பார்த்து இனம் சொல்லும் வகைப்பாட்டியலாளர்கள் 70 முதல் 80 சதவீதத்தைத்தான் விரும்புவார்கள். டிஎன்ஏவுக்கான திசுவை எடுத்து முடிக்கும்வரை 95இல் வையுங்கள். பிறகு அவர்கள் கேட்கும் செறிவுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

புட்டிகளை மைனஸ் 20 டிகிரி செல்சியஸில், இருட்டில் வையுங்கள். அதற்கு எத்தனால் ஆவிக்கென்றே வடிவமைத்த, உள்ளே தீப்பொறி வராத ஃப்ரீசர் வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் உள்ளே இருக்கும் மின்பொத்தான் ஒன்றே தீவிபத்துக்குப் போதும். எத்தனாலின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக்கூடியது என்பதை எந்த நேரமும் நினைவில் வையுங்கள்.

லேபிள்

புட்டிக்கு வெளியே ஒட்டிய லேபிள் உதிரும். எத்தனால் சிந்தினால் எழுத்து கரையும். எனவே உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே போடுவதைத் தடித்த, அமிலமற்ற காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள். அல்லது எத்தனாலில் கரையாத நிறமி மையால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா எழுத்து எத்தனாலில் போய்விடும். லேசர் பிரிண்டர் எழுத்தும் சில காகிதங்களில் செதிலாக உரியும். ஒரு சீட்டை எத்தனாலில் சில நாள் ஊறவைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

லேபிளில் நாடு, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், பொறியின் வகை, சேகரித்தவர், புட்டிக்கான தனி எண் ஆகியவை இருக்க வேண்டும். தேதி ஒன்றல்ல, இரண்டு: புட்டி மாட்டிய நாளும் கழற்றிய நாளும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்பது ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல்.

எடை

மொத்த எடை தேவைப்படும் ஆய்வு என்றால் பிரிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சல்லடையில் வடியவிட்டு, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே 10 விநாடிக்கு மேல் ஆகத் தொடங்கியதும் நிறுத்துவது பழக்கத்தில் உள்ள அளவுகோல். ஜெர்மனியின் இயற்கைக் காப்பகங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2017இல் வெளிவந்த ஆய்வு, மலேஸ் பொறிப் புட்டிகளை இப்படி வடித்து எடைபோட்டதுதான். எடைபோட்டதும் உடனே எத்தனாலில் போடுங்கள், காயவிடக் கூடாது.

மேசையைத் தயார் செய்வது

கையுறை, வளையும் மென்முனை இடுக்கி இரண்டு, கூர்முனை இடுக்கி ஒன்று, பெட்ரி தட்டுகள், கீழிருந்து ஒளி வரும் இருவிழி நுண்ணோக்கி, நுனி சிதறாத மெல்லிய தூரிகை. இவ்வளவு போதும்.

சுத்தம் செய்வதில் ஒரு பெரிய குழப்பம் நிலவுகிறது. எத்தனாலில் தோய்த்த பஞ்சால் இடுக்கியைத் துடைத்தால் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எத்தனால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. டிஎன்ஏவைக் காப்பாற்றத்தானே பூச்சிகளையே அதில் போட்டு வைத்திருக்கிறோம்! டிஎன்ஏவை அழிப்பது ப்ளீச். நீர்த்த ப்ளீச் கரைசலில் இடுக்கி நுனியை முக்கி, பிறகு சுத்தமான நீரில் இரண்டு முறை அலசி, துடைத்து எடுங்கள். அலசாவிட்டால் நுனியில் ஒட்டிய ப்ளீச் அடுத்த பூச்சியின் டிஎன்ஏவையும் தின்றுவிடும்; எஃகும் துருப்பிடிக்கும். ப்ளீச்சையும் எத்தனாலையும் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள், நச்சுப் பொருள்கள் உண்டாகும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

நுனியைச் சுடரில் காட்டிச் சுடுவது பழைய வழக்கம். திறந்த எத்தனால் தட்டு பக்கத்தில் இருக்கும்போது சுடர் வேண்டவே வேண்டாம்.

பிரிப்பது

முதலில் அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வெளியே எடுங்கள். அவற்றின் இறகுச் செதில்கள் உதிர்ந்து எல்லாவற்றின் மீதும் படியும். ஒவ்வொரு செதிலும் மாசு. பிறகு பெரியவற்றை எடுத்து, கடைசியில் சிறியவற்றுக்கு வாருங்கள். எப்போதும் எத்தனாலில் மிதக்கவிட்டே பாருங்கள். விளக்கின் சூட்டில் தட்டு காய்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது ஊற்றுங்கள்.

இந்தப் பொறி எல்லாவற்றையும் சமமாகப் பிடிப்பதில்லை. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ், தன் கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் மேல்மூலையை நோக்கி ஏறுவதைக் கவனித்து உருவாக்கி, 1937இல் வெளியிட்ட வடிவம் இது. தடுப்பில் மோதியதும் ஒளியை நோக்கி மேலே ஏறுபவை புட்டிக்குள் விழும். வண்டுகள் பலவும் மோதியதும் கீழே விழுந்து தப்பிவிடும். ஆகவே புட்டியில் வண்டு குறைவு என்றால் காட்டில் வண்டு குறைவு என்று பொருளல்ல.

எதைப் பிளேட்டுக்கு எடுப்பது? இனங்களின் பட்டியல்தான் வேண்டும் என்றால், ஒரே மாதிரி தெரிபவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்தால் போதும். எண்ணிக்கையும் வேண்டும் என்றால் பார்த்துப் பொறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் எடுங்கள், அல்லது கலக்கிவிட்டுச் சமமாகப் பங்கிட்டு ஒரு பங்கை முழுவதும் எடுங்கள். எந்த வழி என்றாலும் அதைப் பதிவேட்டில் எழுதுங்கள். அழகானவற்றையும் பெரியவற்றையும் தேடிப் பொறுக்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. புதிய இனங்கள் பெரும்பாலும் யாரும் பார்க்க விரும்பாத இரண்டு மில்லிமீட்டர் பூச்சிகளில்தான் ஒளிந்திருக்கின்றன.

காலும் குழியும்

ஆய்வகப் பிளேட்டில் 8 வரிசை, 12 நிரல், மொத்தம் 96 குழிகள். வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, நிரல்களுக்கு 1 முதல் 12 வரை எண். இடப்பக்க மேல்மூலை ஏ1. வலப்பக்கக் கீழ்மூலை எச்12.

எச்12இல் எதுவும் போடாதீர்கள். அதற்கு இரண்டு காரணம். டிஎன்ஏ எடுக்கும்போது இந்தக் காலிக் குழியிலும் ஏதாவது வந்தால் எங்கோ மாசு புகுந்திருக்கிறது என்று தெரியும். அதோடு, யாராவது பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால், காலிக் குழி ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும். திருப்பியது தெரிந்துவிடும். ஆக ஒரு பிளேட்டுக்கு 95 பூச்சிகள்.

எவ்வளவு திசு எடுப்பது என்பது அளவைப் பொறுத்தது. சுமார் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பூச்சி என்றால் ஒரு கால் போதும். உடலோடு சேரும் அடிக்கணுவோடு சேர்த்து இழுங்கள். தசை அங்கேதான் இருக்கிறது. முன்காலைத் தொடாதீர்கள், பல குடும்பங்களில் இனம் பிரிக்கும் அடையாளங்கள் அதில்தான். நடுக்காலையோ பின்காலையோ, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். மறுபக்கம் முழுமையாக நிற்கும். பெரிய வண்டின் முழுக்காலைத் திணிக்காதீர்கள். திசு அதிகமானால் டிஎன்ஏ கூடும் என்று தோன்றும். உண்மையில் அதிலுள்ள நிறமியும் மற்றவையும் டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டு போதும். ரத்தம் குடித்த கொசுவின் வயிற்றை எடுத்தால் அது குடித்த விலங்கின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும், காலையே எடுங்கள்.

மிகச் சிறியவற்றை முழுதாகவே குழியில் போடலாம். புரோட்டினேஸ் கே நொதியில் 56 டிகிரி செல்சியஸில் ஊறும்போது உள்ளிருக்கும் திசு கரைந்து டிஎன்ஏ வெளிவரும். கைட்டின் என்ற கடினப் பொருளாலான வெளிக்கூடு அப்படியே மிஞ்சும். கூட்டைத் திரும்ப எடுத்து வைக்குமாறு ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குப்பைக்குப் போகும்.

போடும் முறை இதுதான்:

1. ஒவ்வொரு குழியிலும் முதலில் ஒரு சொட்டு 95 சதவீத எத்தனால் விடுங்கள். காய்ந்த குழியில் கால் நிலைமின்சாரத்தால் இடுக்கியிலோ விளிம்பிலோ ஒட்டிக்கொள்ளும்.

2. வேலை நடக்கும் வரிசையைத் தவிர மற்றதை மூடி வையுங்கள்.

3. பூச்சிக்கு எண் கொடுத்து, அளவுகோலோடு படம் எடுங்கள். படத்துக்குள் எண் தெரிய வேண்டும்.

4. காலை எடுத்துக் குழியில் விட்டு, அது இடுக்கியில் இல்லை, குழியில்தான் இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பாருங்கள்.

5. குழியின் பெயரையும் பூச்சியின் எண்ணையும் உடனே எழுதுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் போடட்டும். மற்றவர் எழுதி, உரக்கத் திரும்பச் சொல்லட்டும்.

6. பூச்சியை அதன் எண்ணிட்ட குப்பியில் வைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

7. இடுக்கியை ப்ளீச், நீர், நீர் என்று அலசுங்கள்.

நடுவில் யாராவது கூப்பிட்டால் ஒரு பூச்சியை முடித்துவிட்டு எழுந்து போங்கள். திரும்பி வந்து ‘இது ஏழாவதா எட்டாவதா’ என்ற சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். நுண்ணோக்கியில் குழிகளைப் பார்த்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் அந்த வரிசையைக் காலி செய்து மீண்டும் போடுங்கள். பன்னிரண்டு கால்கள் போனால் போகட்டும்.

கணினி அட்டவணையில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் எண்களெல்லாம் பக்கத்து நிரலிலிருந்து பிரிந்துபோகும். இரண்டாவது, எண்போலத் தெரியும் குறியீட்டை மென்பொருள் தானாகவே தேதியாக மாற்றிவிடும். நிரல்களை எழுத்து வடிவில் வைத்துவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்குங்கள். காகிதப் பதிவைத் தூக்கி எறியாதீர்கள்.

மொத்தமாக அரைப்பவர்களுக்கு

மெட்டாபார்கோடிங் செய்வதென்றால் அளவு வாரியாகச் சலிப்பது அவசியம். ஒரு பெரிய வெட்டுக்கிளியின் எடை நூற்றுக்கணக்கான சிறு குளவிகளுக்குச் சமம். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் முடிவில் வெட்டுக்கிளியின் டிஎன்ஏ வரிசைகளே குவியும். குளவிகள் காணாமல் போகும். 4 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் பிரித்து, இரண்டையும் தனியே அரைத்து, பெரியவற்றின் பொடியிலிருந்து சிறு பங்கு மட்டும் கலக்கலாம். அல்லது பெரியவற்றில் காலை மட்டும் எடுத்துச் சேர்க்கலாம், உடல் மிஞ்சும்.

அரைப்பதற்கு முன் எத்தனால் முழுவதும் ஆவியாக வேண்டும். தட்டில் பரப்பிய குவியலை ஒரு படம் எடுத்து வையுங்கள்; அரைத்த பிறகு உங்களிடம் இருக்கும் ஒரே உருவச் சான்று அதுதான். ஒவ்வொரு தொகுதியோடும் பூச்சி எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் குழாயையும் அதே வழியில் கொண்டுபோங்கள். குறுகிய டிஎன்ஏ வரிசைகளையே படிக்கும் இயந்திரங்கள் 658 எழுத்தையும் ஒரே மூச்சில் படிக்காது என்பதால், சிஓஐ துண்டுக்குள்ளேயே 313 எழுத்து போன்ற சிறு பகுதியைக் குறிவைப்பார்கள். அது ஆய்வகத்தின் கவலை. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தப் பிரைமர்கள் (பிசிஆரில் படியெடுக்க வேண்டிய பகுதியைப் பிடித்துக்கொள்ளும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) என்பது. சில பிரைமர்களுக்குச் சில பூச்சிக் குடும்பங்கள் படியாது.

அனுப்புவது

எத்தனால் விமானத்தில் ஆபத்தான சரக்கு. சிறு அளவுக்குத் தனி விதிகள் உண்டு. கூரியர் நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். எத்தனாலைப் பெரும்பாலும் ஆவியாகவிட்டு, பிளேட்டை மூடிப் பட்டையால் இறுக்கி அனுப்புவதே எளிது. நாட்டு எல்லை தாண்டுகிறது என்றால் அனுமதிகள் வேண்டும். மரபு வளங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேகரித்த நாட்டின் அனுமதித் தாள் இல்லாமல் பல ஆய்வகங்கள் பெட்டியைத் திறக்கக்கூட மாட்டா. இந்தத் தாள்களைப் பொறி நடுவதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

முடிவுகள் வந்த பிறகு

டிஎன்ஏ வரிசைகள் வந்ததும் இனப்பெயரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் எச்12 காலியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ஒவ்வொரு வரிசையும் சொல்லும் குழு படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனம் வரை வேண்டாம். ஈயின் படத்துக்கு ஈயின் வரிசை, குளவிக்குக் குளவி, அவ்வளவு போதும். மனித டிஎன்ஏ வந்திருந்தால் கையுறை விஷயத்தில் யாரோ அலட்சியமாக இருந்திருக்கிறார்கள். வோல்பாகியா வந்திருந்தால் அது பூச்சிக்குள் வாழும் பாக்டீரியா. பூச்சிகளில் பரவலாக இருப்பது, உங்கள் தவறல்ல. புரத வரிசையாக மாற்றும்போது புரதம் அங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவில் வந்தால், அது செல்லின் உட்கருவுக்குள் போய்ச் செயலிழந்த, சிஓஐயின் போலிப் பிரதியாக இருக்கலாம். அதை இனக் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஒரே டிஎன்ஏ வரிசை, படங்களோ வெவ்வேறு பூச்சிகள் என்றால் சிந்தியிருக்கிறது.

பெயரே கிடைக்காத வரிசைகள் நிறைய வரும். டிஎன்ஏ பார்கோடுகளைச் சேமித்து வைக்கும் போல்டு (BOLD) தரவுத்தளம் அப்படிப்பட்டவற்றையும் ஒற்றுமையின் அடிப்படையில் தொகுத்து, ‘பின்’ (BIN) என்ற எண் தருகிறது. அந்த எண்ணோடு உங்கள் குப்பியில் இருக்கும் பூச்சியையும் இணைத்து வையுங்கள். பெயர் வைக்க ஒரு நிபுணர் என்றைக்காவது கேட்பார்.

பிளேட்டில் ஒரு வரிசை முழுக்கப் படங்களும் டிஎன்ஏவும் ஒரு குழி தள்ளிப் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஒரு குழி நகர்த்திச் சரிசெய்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த வரிசையிலிருந்து இரண்டு மூன்று பூச்சிகளை எடுத்து, இன்னொரு காலிலிருந்து மீண்டும் பார்கோடு எடுங்கள். நகர்வு உறுதியானால் மட்டும் திருத்துங்கள். என்ன திருத்தினீர்கள், ஏன், எந்தத் தேதியில் என்பதை அதே அட்டவணையில் தனி நிரலில் எழுதுங்கள். உறுதியாகாவிட்டால் அந்த வரிசையின் முடிவுகளை வெளியிடாமல் ஒதுக்கிவிட்டு, எல்லாப் பூச்சிகளுக்கும் புதிய பிளேட் போடுங்கள்.